ஜப்பான் கார்: ஏலத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய காகிதங்கள்

யோகோஹாமாவில் ஏற்றிய கார் மெல்பர்னில் இறங்கச் சில வாரம் போதும். இறங்கிய காரை வீட்டு வாசலுக்கு ஓட்டி வரத்தான் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கப்பல்காரரைத் திட்டுகிறோம், சுங்கத்தைத் திட்டுகிறோம். தாமதத்துக்கான விதையோ, பெரும்பாலும், ஏலத்தில் வண்டியை எடுத்த ராத்திரியிலேயே விழுந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவில் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது 2018ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரநிலைச் சட்டம். வண்டி கரையிறங்கும்போது இறக்குமதி ஒப்புதல் கையில் இருக்க வேண்டும் என்கிறது அது. மத்திய அரசின் 'ரோவர்' இணையவாயிலில் விண்ணப்பிக்கலாம். முதலில் ஏற்றிவிடுவோம், ஒப்புதல் பின்னால் வரட்டும் என்று துணிபவர்களுக்குத் துறைமுகக் கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறும். ஒப்புதல் மறுக்கப்பட்டால் வண்டியைச் சொந்தச் செலவில் திருப்பி அனுப்பவோ அழிக்கவோகூட நேரலாம்.

இருபத்தைந்து வயதைத் தாண்டிய கார்களுக்குத் தனி வழி உண்டு. அதற்கு இளைய கார்களை இறக்குமதி செய்பவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது 'செவ்ஸ்' எனப்படும் சிறப்பு வாகனப் பதிவேட்டை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காரின் பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. மாடல் குறியீடும் தயாரித்த காலமும் பொருந்த வேண்டும். பாட்டி தாத்தாவோடு ஏழு பேர் போக ஆசைப்பட்டு டொயோட்டா அல்பார்ட் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ஏஜிஎச்30 பெட்ரோல் வண்டி, ஏஒய்எச்30 ஹைபிரிட். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு வண்டிகள்.

பதிவேட்டில் இருந்தாலும் வேலை முடியவில்லை. அந்த வகையை ஆஸ்திரேலியத் தரத்துக்கு எப்படி மாற்றுவது என்று சொல்லும் 'மாடல் ரிப்போர்ட்' அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தப் பட்டறையும் அந்த வண்டியை முடித்துத் தர முடியாது. "இதோ வந்துவிடும், தயாராகிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு தரகர் சொன்னால், வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காத்திருப்பதில் நட்டமில்லை. கார் வாங்கிய பிறகு காத்திருப்பதில்தான் நட்டம்.

மாற்ற வேலையை 'ரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பதிவுபெற்ற பட்டறைகள் மட்டுமே செய்யலாம். குழந்தை இருக்கையைக் கட்டும் கொக்கி முதல் டயர் வரை வண்டிக்கு வண்டி வேலை மாறும். பிறகு, பட்டறையோடு சம்பந்தமில்லாத ஒரு சரிபார்ப்பாளர் வந்து துரு, விபத்துச் சேதம், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் பார்ப்பார். ஏலத் தாளில் 'ஆர்' தரம் போட்டிருந்தால் அடிபட்டுப் பழுது பார்த்த வண்டி. மலிவாகக் கிடைத்ததன் காரணம் அந்தச் சோதனையன்று தெரியும். டகாட்டா ஏர்பேக் போன்ற திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் இருந்தால் அதையும் முடித்தாக வேண்டும்.

சக்கர வளைவில் ஒட்டிய ஜப்பான் மண்ணும் ஒரு தடைதான். உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகள் சுத்தம் செய்யச் சொன்னால் நாளும் பணமும் போகும். பழைய கார்களின் பிரேக் கட்டை, கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் அதை முற்றாகத் தடை செய்திருக்கிறது.

வண்டி பட்டறையில் ஏறாமலே நின்றால்? முடிக்கும் நாளை ஒப்பந்தம் சொல்லாவிட்டாலும், நியாயமான காலத்துக்குள் சேவையை முடிக்கும் கடமை ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி உண்டு. தவறு பெரியதென்றால் ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'நியாயமான காலம்' எது என்று பிறகு வாதாடுவதைவிட, தேதியை முன்பே எழுதி வாங்குவது மேல். தாமதத்துக்கான காரணத்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன சமாதானத்தைத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது கடினம். முதலில் மாநில நுகர்வோர் அமைப்பில் புகார்: விக்டோரியாவில் கன்சூமர் அஃபேர்ஸ், நியூ சவுத் வேல்ஸில் ஃபேர் டிரேடிங். அங்கே தீராவிட்டால் விகாட், என்காட் தீர்ப்பாயங்கள். ஜப்பானிய ஏலத்தாரிடம் நேரே வாங்கியிருந்தால் இந்தச் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. உள்ளூர் இறக்குமதியாளர் வழியாக வாங்குவதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி இதற்குத்தான் என்பேன்.

இன்னும் சிலர் 'கம்ப்ளையன்ஸ் பிளேட் அடித்தாயிற்றா' என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்தத் தகட்டின் இடத்தில் இன்று 'ராவ்' என்ற இணையப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வண்டியின் அடையாள எண்ணை இட்டுத் தேடலாம். அதில் உங்கள் எண் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.