தலை குனிந்த ஏழு நாட்கள்

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். ஒருநாள் இடக்கண்ணில் தூசி விழ, அதை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பேரேட்டைப் பார்த்தேன். 5,842 என்று நானே எழுதிய தொகையில் நடு இலக்கங்களைக் காணோம்! நேர்கோடுகளும் வளைந்து தெரிந்தன. வேலூரில் என்னைச் சோதித்த மருத்துவர், விழித்திரையின் நடுவே சிறு துளை விழுந்திருப்பதாகக் கூறினார்.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் படிந்துள்ள மெல்லிய படலம். எழுத்தைக் கூர்ந்து படிக்க உதவுவது அதன் நடுப்பகுதியே. முதுமையில் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விலகும்போது, சிலருக்கு அப்பகுதியை இழுத்துத் துளைத்துவிடுகிறது. முன்பு இதற்குப் பரிகாரம் இல்லை என்றே எண்ணியிருந்தனர். 1991ஆம் ஆண்டில் கெல்லி, வெண்டல் என்ற அமெரிக்க மருத்துவர் இருவர், கூழை அகற்றி வாயுவை நிரப்பினால் துளை மூடக்கூடும் என்று காட்டினர்.

எனக்கும் அந்த அறுவையே நடந்தது. "என் வேலை முடிந்தது, இனி உங்கள் வேலை. ஏழு நாள் முகம் தரையை நோக்கியே இருக்கட்டும்" என்றார் மருத்துவர்.

இது ஏன்? தச்சரின் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எப்படிச் சாய்த்தாலும் குமிழி மேலேறியே நிற்கும். கண்ணுக்குள் இட்ட வாயுவும் அப்படியே. துளை இருப்பதோ கண்ணின் பின்சுவரில். முகத்தைக் கவிழ்த்தால் பின்சுவர் கூரையாகிவிடும். குமிழி அங்கே அணைந்து, துளைக்குள் நீர் புகாமல் காக்கும். விளிம்புகள் மெல்லக் கூடும்.

காரணம் விளங்கியது, கழுத்துதான் இணங்கவில்லை. இரண்டாம் நாள் வலி பொறாமல் நிமிர்ந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது அண்டை வீட்டுப் பெண் வந்தார். காலணியின் மேல்தோல் தைப்பவர். "ஐயா, நாங்கள் நாளெல்லாம் குனிந்தே பிழைக்கிறோம். கழுத்தைத் தொங்கவிடாதீர்கள். நெற்றிக்குத் தாங்கல் கொடுத்து இடுப்பிலிருந்து குனியுங்கள்" என்றார். மேசைமேல் இரு தலையணைகளை இடைவெளி விட்டு அடுக்கி, மூச்சுவிட வழி செய்து கொடுத்தார். உறிஞ்சுகுழலால் நீர் பருகினேன், வானொலி கேட்டேன், மருத்துவர் அனுமதித்த சிறு இடைவேளைகளில் மட்டும் எழுந்தேன்.

ஓய்வுக்கு ஏலகிரிக்கு அழைத்தார் உறவினர் ஒருவர். மறுத்துவிட்டேன். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறையும். கண்ணிலுள்ள வாயு விரியும். கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகலாம். வாயு முற்றும் கரையும்வரை விமானப் பயணமும் ஆகாது.

சிறு துளையாயின் இத்தனை நாள் குனிய வேண்டியதில்லை என்று இன்று மருத்துவர் பலர் கருதுகின்றனர்; அவரவர்க்கு உரிய முறையை அவரவர் மருத்துவரே சொல்லவேண்டும். சில வாரங்களில் என் கண்ணில் வாயு கரைந்தது. கோடுகளில் சற்று வளைவு எஞ்சியிருக்கிறது. ஆனால் இலக்கம் நான்கும் தெரிகின்றன.

இன்று வீடு சென்றதும், பெரியவர்களை ஒவ்வொரு கண்ணாக மூடி நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தாலோ நடு எழுத்து மறைந்தாலோ நாளைக் கடத்தாதீர்கள்.