குட்னா மோடோ, சார்!

எட்டாவது தடவை விழுந்தேன். விழுவது சுலபம். எழுந்திருப்பதற்குத்தான் தனியாக ஒரு பாடம் வேண்டியிருக்கிறது.

மல்லாந்து கிடந்தபடியே மேலே பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. சலவை செய்து காயப்போட்ட மாதிரி நீல வானம். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "நல்ல வெயில், பாய்!" என்றேன். என் ஸ்கீயிங் மாஸ்டர் பதிலே சொல்லவில்லை. "குட்னா மோடோ, சார்!" என்றார். முட்டியை மடக்குங்கள் என்று அர்த்தம். என் இந்தி பிராத்மிக்கோடு நின்றுபோனது. இந்த இரண்டு வார்த்தை மட்டும் இனி ஆயுசுக்கும் மறக்காது.

இடம் குல்மார்க். டிசம்பர் பாதி. சீசன் இப்போதுதான் கண் விழிக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். டங்மார்க் தாண்டினால் பனி நாட்களில் டயருக்குச் சங்கிலி கட்டித்தான் ஏற முடியும். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் அல்லவா? இங்கே தரையே அந்த உயரம்! அங்கிருந்து கோண்டோலா எனும் தொங்கு பெட்டியில் ஏறினால், அஃபர்வட் மலையில் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரை போகலாம். கெட்டிக்காரர்கள் அங்கிருந்து சறுக்கி வருகிறார்கள். எனக்குக் கீழே குழந்தைகள் பழகும் மேடு. அதில் நிஜக் குழந்தைகள் என்னைச் சுற்றிக்கொண்டு பறந்தன.

முதலில் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் மாவுக்கட்டு போட்ட ரோபோ மாதிரி இருக்கும். குதிகாலை அழுத்தினால் பலகையில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். பலமாக விழுந்தால் தானே கழன்றுவிடும், கால் முறியாமல் இருக்க. அந்த ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு நான் கியாரண்டி.

பிரேக்? ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸை நினைத்துக்கொள்ளுங்கள். பலகைகளின் முன்நுனிகளைக் கூட்டி, பின்பக்கத்தை விரிக்க வேண்டும். உள்விளிம்புகள் பனியைக் கடித்துக்கொண்டு வேகம் குறையும். ஆனால் சரிவைப் பார்த்ததும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. சாய்ந்தீர்களோ, பலகை உங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும். பயப்படுகிற இடத்தில் முன்னால் சாய வேண்டுமாம். பி.காமில் இதைச் சொல்லித் தரவில்லை.

பத்தாவது முறை இறங்கும்போது 'கர்ர்ரக்' என்று ஒரு சத்தம். பனி மெலிசாக இருந்த இடத்தில் கல். மாஸ்டர் ஓடி வந்தார். என்னைத் தூக்கவில்லை. பலகையைத் தூக்கினார்! அடிப்பக்கத்துக் கீறலை நகத்தால் தடவிப் பார்த்தார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தச் சரிவுகளில் பழகியவர்தான் என்று சற்றுமுன் பெருமையாகச் சொன்ன முகம், சுருங்கிவிட்டது.

"இன்னும் ரெண்டடி விழணும் சார். வெயிலடிச்சா எப்படி விழும்?"

அப்புறம் டீக்கடையில் கஹ்வா குடித்தபடி சொன்னார். டிசம்பர் 21-ல் தொடங்கும் சில்லே கலான் 40 நாள்தான் இவர்களுக்கு அறுவடைக் காலம். 2024 ஜனவரியில் அந்த நாட்களிலேயே குல்மார்க் காய்ந்து கிடந்தது. டூரிஸ்டுகள் பழுப்புப் புல்லில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். பிப்ரவரி ஆரம்பத்தில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது. மாஸ்டர் அந்த மாதம் முழுக்க ஆப்பிள் தோட்டத்தில் கூலிக்குப் போனாராம். பனி விழாவிட்டால் அவருக்குப் பணம் விழாது.

எனக்குச் சுருக்கென்றது. நானும் மாதச் சம்பளக்காரன் இல்லை. எழுதினால் செக், இல்லாவிட்டால் கடன். அவர் வானத்தைப் பார்க்கிறார். நான் எடிட்டர் முகத்தைப் பார்க்கிறேன். காலையிலிருந்து வெயில் வெயில் என்று சிலாகித்தது, மளிகைக்கடைக்காரரிடம் போய், "கூட்டமே இல்லை, எவ்வளவு நிம்மதி!" என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அந்த வெயிலும் என்னைச் சும்மா விடவில்லை. புதுப்பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புமாம். மேலிருந்தும் கீழிருந்தும் வறுபட்டு, மூக்கு நுனியோடு முகவாய்க்கு அடியிலும் தோல் எரிந்தது.

கடைசி ரவுண்டில் விழாமல் இறங்கினேன். முப்பது மீட்டர் இருக்கும். கை தட்டுவாரென்று திரும்பிப் பார்த்தால், மாஸ்டர் அஃபர்வட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, நாளைக்கு எனக்கு ஃபிளைட்!" என்றேன்.

அன்று முதல் தடவையாக மாஸ்டர் சிரித்தார்.