புற்றுநோய் என்றால் ஏன் இந்த நடுக்கம்?

மாரடைப்பு என்றால் மனிதர்கள் பதறுகிறார்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். சர்க்கரை வியாதி என்றால் சலித்துக் கொள்கிறார்கள். ஆனால் "புற்றுநோய்" என்று டாக்டர் சொல்லி விட்டால்? பேச்சே நின்று விடுகிறது!

உலகத்தில் அதிகம் பேரைக் கொல்லும் நோய் புற்றுநோய் அல்ல. இதய நோயும் இரத்தக் குழாய் நோய்களும்தான் முதல் இடத்தில் நிற்கின்றன. அப்படி இருக்க, புற்றுநோய்க்கு மட்டும் ஏன் இத்தனை பயம்?

பெயரிலேயே பயம்

"புற்று" என்றதும் பாம்புப் புற்று நினைவுக்கு வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. மேல்நாட்டாரின் "கான்சர்" என்ற பெயரும் இப்படித்தான். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டு வைத்தியர்கள் இதற்கு "நண்டு" என்று பெயர் வைத்தார்கள். நண்டு பிடித்தால் விடாது அல்லவா!

பெயருக்கு ஏற்றபடி நோயும் திருட்டுத்தனமாகவே வருகிறது. தேள் கொட்டினால் வலிக்கிறது. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது. புற்றுநோயோ பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. "வலி இல்லையே, இது ஒன்றும் இராது" என்று மனிதன் இருந்து விடுகிறான். வலி தொடங்கும்போது நோய் வேரூன்றி விடுகிறது.

மறைத்தார்கள், பயம் வளர்ந்தது

முன்பு டாக்டர்களே இந்த நோயின் பெயரைச் சொல்லத் தயங்கினார்கள். 1961-ம் ஆண்டு அமெரிக்காவில் சிக்காகோ நகர டாக்டர்களிடம் ஒரு விசாரணை நடந்தது. "நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் இருப்பதையே விரும்புகிறோம்" என்ற கருத்தை 100-க்கு 90 பேர் தெரிவித்தார்கள். 1979-ம் ஆண்டு அதேபோல் விசாரித்தபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. 100-க்கு 97 பேர், "சொல்லி விடுவதே நல்லது" என்றார்கள்.

நம் ஊரில் இன்றும் பல வீடுகளில் நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அவர் அறைக்குள் வந்ததும் பேச்சு மாறும். "அல்சர்தானாம்" என்பார்கள். சுற்றியுள்ள முகங்களைப் பார்த்தே அவர் புரிந்து கொள்வார். ஆனால் வாய் விட்டுக் கேட்க முடியாமல் தனியே நடுங்குவார்.

இன்னொரு கவலையும் உண்டு. "வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராதே" என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில், பரம்பரையாக வரும் புற்றுநோய் 100-க்கு 5 முதல் 10 வரைதான். தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இந்த நோய் ஒட்டிக் கொள்ளாது.

கத்தி பட்டால் பரவுமா?

"கத்தி வைத்தால் நோய் உடம்பு முழுவதும் பரவி விடும்" என்ற பேச்சைக் கேட்காதவர் இல்லை. இந்த எண்ணம் எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் கைமருந்து, மந்திரம், நேர்த்திக்கடன் எல்லாம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நோய் முற்றிய நிலையில் ஆபரேஷன் நடந்தது. சில நாட்களில் நோயாளி இறந்தார். பழி கத்தியின் மேல் விழுந்தது! நோயை நிச்சயப்படுத்தச் சிறிது சதையை எடுத்துச் சோதிப்பதற்குக்கூட இதனால் பலர் மறுக்கிறார்கள். அந்தச் சோதனை இல்லாமல் சரியான சிகிச்சையே தொடங்க முடியாது.

இங்கேதான் பயத்தின் மூலம் இருக்கிறது. பயத்தினால் தாமதம், தாமதத்தினால் மரணம், அந்த மரணத்தைப் பார்த்து ஊருக்கெல்லாம் மறுபடியும் பயம். செக்கு மாடுபோல் இது சுற்றிச் சுற்றி வருகிறது.

அடையாற்றில் ஒரு முயற்சி

இந்தச் சுற்றை உடைக்கப் புறப்பட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-ம் ஆண்டு அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. "பிழைக்காத நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு?" என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. அவர் விடவில்லை. 1952-ம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி சென்னை அடையாற்றில், குடிசைகளில், 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி தொடங்கியது.

மறு ஆண்டு டாக்டர் சாந்தா அங்கே பணியில் சேர்ந்தார். 2021-ம் ஆண்டு காலமாகும் வரை அதுவே அவருடைய உலகமாக இருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவரும் வளர்த்த அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று நாடெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள்.

இதற்குள் வைத்தியமும் எங்கோ போய் விட்டது. 1948-ல் அமெரிக்க டாக்டர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு ஒரு மருந்து கொடுத்ததைப் பற்றி எழுதினார். 10 குழந்தைகளிடம் குணம் தெரிந்தது. ஆனால் அது சில மாதங்களே நீடித்தது. இன்று, குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோயில், வசதி மிகுந்த நாடுகளில் 100-க்குச் சுமார் 90 குழந்தைகள் பிழைக்கிறார்கள்!

திண்டுக்கல் காட்டிய வழி

பெரிய எந்திரங்கள் இல்லாமலும் உயிரைக் காக்கலாம் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. அங்கே 2000-ம் ஆண்டு முதல் கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை நடந்தது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறு உள்ள இடம் வெளுத்துக் காட்டி விடும். சோதனைக்குக் கூப்பிட்ட கிராமங்களில், மற்ற கிராமங்களைவிட இந்த நோயினால் வரும் மரணம் 100-க்கு 35 பங்கு குறைந்தது. 2007-ம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட உண்மை இது. இந்த நோய்க்குக் காரணமான கிருமியைத் தடுக்க 2006-ம் ஆண்டிலேயே தடுப்பூசியும் வந்து விட்டது.

எல்லாப் புற்றுநோயும் குணமாகும் என்று சொல்வதற்கில்லை. கணையப் புற்றுநோய் போன்றவை இன்றும் கொடியவைதான். பணச் செலவும் சிகிச்சையின் வேதனையும் பொய் அல்ல. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஏழைகளுக்கு வழி இருக்கிறது. சீக்கிரம் வந்தால் செலவும் குறைவு, வேதனையும் குறைவு.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஆறாத புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பிலோ வேறு இடத்திலோ கட்டி, காரணம் இல்லாத இரத்தப் போக்கு, முக்கியமாக மாதவிலக்கு நின்ற பிறகு, நீடிக்கும் இருமல் அல்லது தொண்டைக் கம்மல், விழுங்கக் கஷ்டம், மலம் கழிக்கும் பழக்கத்தில் மாறுதல், மச்சம் பெரிதாவது அல்லது நிறம் மாறுவது, காரணம் இன்றி உடம்பு இளைப்பது.

இவற்றில் ஒன்று தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் இரண்டு, மூன்று வாரங்கள் ஆகியும் போகவில்லையா? டாக்டரிடம் காட்டி விட வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை, பாக்கு ஆகியவற்றை இன்றே விட வேண்டும்.

பயம் இருந்தால் இருக்கட்டும். அந்தப் பயம் மனிதனை வீட்டு மூலையில் முடக்காமல், நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு விரட்டட்டும்!