கண்ட்ரோல் இசட் எட்டாத இடம்

“தம்பி, கண்ட்ரோல் இசட் போட்டா பழசு வந்துரும்னு சொன்னாங்க. எத்தனை தடவை அமுக்கினாலும் வர மாட்டேங்குது.”

எங்கள் தெருவில் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, மகளின் லேப்டாப்போடு வாசலில் நின்றார். குழுவில் 14 பேர். ஒவ்வொருவரின் பாஸ்புக்கையும் வாங்கி, 16 இலக்கக் கணக்கு எண்களை இரண்டு இரவு உட்கார்ந்து கணினியில் அட்டவணையாக ஏற்றியிருந்தார். எண்கள் பொருந்தவில்லை என்று, அனுப்பிய இடத்திலிருந்து பட்டியல் திரும்பி வந்துவிட்டது. திறந்து பார்த்தால், 14 எண்ணும் பூஜ்யத்தில் முடிகின்றன. அவர் தப்பாக அடிக்கவில்லை. பாஸ்புக்கில் இருந்ததைத்தான் அடித்திருக்கிறார்.

அவருக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். கண்ட்ரோல் இசட்டை அவர் நம்பியதில் தப்பில்லை. நம்மில் பலர் அதை நம்ப வேண்டிய அளவுக்குக்கூட நம்புவதில்லை என்பதே என் வருத்தம். வேர்டில் ஒரு வரி அழிந்தால் இசட் அடிக்கத் தெரிகிறது. ஃபோல்டர் ஒன்றை மவுஸ் வழுக்கி வேறெங்கோ போட்டுவிட்டால், கணினி முழுக்கத் தேடுகிறோம். ஃபைல்கள் தெரியும் அந்த ஜன்னலிலேயே கண்ட்ரோல் இசட் அடித்தால், ஃபோல்டர் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். தவறாகப் பெயர் மாற்றியதும், டெலீட் செய்ததும் அப்படியே திரும்பும். பிரவுசரில் கை தவறி மூடிய பக்கத்தைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரும்பத் திறக்கலாம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இது உண்டு. பக்கம் திரும்பினாலும் அதில் நாம் நிரப்பிய விண்ணப்பம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நீளமாக எழுத வேண்டியதை முதலில் நோட்பேடில் எழுதிவிட்டு, பிறகு ஒட்டுவது நல்லது.

ஒட்டுவது என்றதும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கணினி விஞ்ஞானி லாரி டெஸ்லர். 1970-களில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில், டிம் மாட் என்பவருடன் சேர்ந்து ஜிப்சி என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளை உருவாக்கினார். பாடநூல் பதிப்பகம் ஒன்றின் ஆசிரியர்களுக்காகச் செய்த வேலை அது. கத்தரிக்கோலால் பத்தியை வெட்டி, பசை தடவி வேறு தாளில் ஒட்டுவதுதான் அன்றைய பதிப்பாசிரியர்களின் பழக்கம். அந்தக் கைப்பழக்கத்தையே அவர்கள் திரைக்குக் கொண்டுவந்தார்கள். கட், காப்பி, பேஸ்ட் என்பது இப்படித்தான் நம் கைக்கு வந்தது. ஆப்பிளின் லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி என்று விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு எழுத்துகள், செய்ததைத் திருப்புவதற்கும் இந்த மூன்று வேலைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. 2020 பிப்ரவரியில் டெஸ்லர் காலமானார். கணினிக்குப் புதியவர் தடுமாறக் கூடாது என்பதற்காகவே வாழ்நாளெல்லாம் உழைத்தவர். தினமும் அவருடைய வேலையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் நமக்கு அவர் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காப்பி செய்வதில் ஒரு பழைய தொல்லை உண்டு. ஒன்றைக் காப்பி செய்து, ஒட்டுவதற்குள் இன்னொன்றைக் காப்பி செய்தால் முதலாவது போய்விடும். 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸில் இதற்குத் தீர்வு இருக்கிறது. விண்டோஸ் பட்டனோடு வி அழுத்துங்கள். முதல் தடவை ‘ஆன் செய்யவா’ என்று கேட்கும், சம்மதியுங்கள். அதன்பின் கடைசியாகக் காப்பி செய்த 25 வரை வரிசையாகக் காத்திருக்கும். முகவரி, ஜிஎஸ்டி எண் போல அடிக்கடி தேவைப்படுவதைப் பின் செய்து வைத்தால், கணினியை அணைத்துப் போட்டாலும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்த வரிசையில் தெரியும். பலர் புழங்கும் கணினியில் இதை ஆன் செய்யாதீர்கள்.

கரண்ட் போய் வேர்டு ஃபைல் அழிந்தால், மறுபடி வேர்டைத் திறந்ததும் மீட்ட பிரதியை அதுவே பெரும்பாலும் எடுத்து நீட்டும். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது பிரதி எடுக்கிறது. ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய், பத்தை இரண்டாக மாற்றிவிடுங்கள். சேவ் செய்யாமலே மூடிவிட்டீர்களா? ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் மேனேஜ் டாக்குமென்ட் என்று போனால், சேவ் செய்யாதவற்றை மீட்க ஒரு வழி இருக்கும். கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. வெர்ஷன் ஹிஸ்டரியில் நேற்றைய வடிவத்தையும் பார்த்து மீட்கலாம்.

மீளாத இடங்களும் இருக்கின்றன. பெண்டிரைவில் அழித்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராக அழிந்துவிடும். கல்யாண போட்டோக்களைப் பெண்டிரைவில் மட்டுமே வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலீட் அழுத்தியதும் அப்படித்தான். ஃபைலை மூடிவிட்டுத் திறந்தால் இசட்டின் ஞாபகமும் போய்விடுகிறது. அக்கா எத்தனை தடவை அமுக்கியும் பலனில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கணக்கு எண்களுக்கு வருவோம். எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள்கள் எண்களை 64 பிட் அளவுக்குள் அடக்கி வைக்கின்றன. 1985-இல் வகுக்கப்பட்ட ஒரு பொதுத்தரத்தை ஒட்டிய முறை இது. அதில் எக்செல் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். பதினாறாவது இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யமாகிவிடும். எச்சரிக்கை வராது, சிவப்புக் கோடும் விழாது. 12 இலக்க ஆதார் எண் நடுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்து முளைத்துச் சுருங்கித் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது தோற்றம் மட்டுமே, எண் உள்ளே பத்திரமாக இருக்கிறது. 16 இலக்கம் அப்படியில்லை. உண்மையிலேயே போய்விடுகிறது.

பூஜ்யத்தில் தொடங்கும் எஸ்டிடி எண்ணும் இப்படித்தான் தலையை இழக்கிறது. 3/5 என்று கதவு எண் அடித்தால் மே 3 என்று தேதியாகிவிடுகிறது. ஆராய்ச்சியாளர்களையும் இது விடவில்லை. ‘செப்ட்1’, ‘மார்ச்1’ என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல்லில் அவை தேதிகளாயின. மரபணுப் பட்டியலை எக்செல் ஃபைலாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். செப்ட்1 இன்று ‘செப்டின்1’.

கணக்கு எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. இலக்கங்களால் எழுதிய பெயர் அது. பின்கோடு, செல்போன் எண், கதவு எண் எல்லாமே அப்படித்தான். பெயர் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, மேலே ‘ஜெனரல்’ என்று காட்டும் பெட்டியில் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். ஒன்றிரண்டு எண்தான் என்றால், முதலில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டு எண்ணை அடித்தால் போதும். குறி அச்சில் வராது. அடித்து முடித்த பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் போனதுதான். புதிய எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றங்கள் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதி 2023-இல் வந்திருக்கிறது. ஆனால் தட்டச்சு நிலையங்களிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் பழைய பதிப்புகளைப் பார்க்கிறேன். ஒற்றை மேற்கோள் எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

சத்தமில்லாத இழப்பு என்றால் தமிழில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல்தான் தெரியும். எழுத்து அழியவில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். சங்கத்தின் பழைய தீர்மானங்கள், அப்பாவின் கவிதைகள், ஊர் வரலாறு என எது இருந்தாலும், திறக்கும் கணினி ஒன்று மிச்சமிருக்கும்போதே மாற்றி, பிழை பார்த்து வையுங்கள். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள்.

அக்காவிடம் இழந்ததை மீட்க முடியாது என்று சொன்னபோது முகம் வாடிவிட்டது. பாஸ்புக்குகள் பையிலேயே இருந்தன. திண்ணையில் உட்கார்ந்து அவர் நான்கு நான்கு இலக்கமாக வாசிக்க, நான் அடித்தேன். பிறகு இடம் மாறிக்கொண்டோம். நான் திரையைப் பார்த்து வாசிக்க, அவர் பாஸ்புக்கில் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஏழாவது எண்ணில் என்னை நிறுத்தினார். நான் 6-ஐ 9 என்று அடித்திருந்தேன்.