அக்காளின் கைப்பை

காரைக்குடிக்கு அருகே அமராவதிபுதூரில் வாழும் என் தமக்கைக்கு 2023-ஆம் ஆண்டு மே மாதம் அறுபது வயது நிறைந்தது. அவளுடைய ஒரே மகள் துபாய் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். விடுப்பில் வந்திருந்த அவள், தாயின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கென்று கொடுத்த பரிசு ஒரு கைப்பை. உலகெங்கும் பெயர்பெற்ற ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் முத்திரை பதித்த பை. அந்நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஊரில் பலருக்கு அது விளங்கப்போவதில்லை.

பையைக் காட்டிலும் அது வந்த கோலந்தான் அன்று எங்களை வியக்க வைத்தது. கெட்டியான அட்டைப் பெட்டி, அதனுள் மெல்லிய தாள், தாளுக்குள் வெள்ளைப் பருத்தித் துணியால் தைத்த உறை, உறைக்குள் பை. மணமகளின் கூறைப் புடவையைப் பார்க்க வருவதுபோல் அண்டை வீட்டுப் பெண்கள் அதைப் பார்க்க வந்தனர். "என்ன விலை ஆத்தா?" என்று அக்காள் கேட்டாள். "ஐயாயிரம் அம்மா" என்றாள் மகள். "ஒரு பைக்கா ஐயாயிரம்! உனக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை" என்று அக்காள் கடிந்துகொண்டாள். மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னது பொய்யன்று. ஐயாயிரம் என்பது மெய்தான். ஆனால் அது ஐயாயிரம் திர்ஹாம். அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்! "மாமா, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று புறப்படும்போது என் காதோடு சொன்னாள். எத்தனை இரவுப் பணிகள் செய்து அதைச் சேர்த்தாள் என்பதை நான் கேட்கவில்லை.

அக்காள் அந்தப் பையை மூன்று முறை எடுத்துச் சென்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு. ஒருமுறை தேவகோட்டையில் ஒரு திருமணத்திற்கு. அதன் பிறகு, நல்ல பொருளை நாம் வழக்கமாகப் போற்றும் முறைப்படியே, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரண்டு அந்துருண்டைகளையும் போட்டு, இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "நன்றாக இருக்கிறது ஆத்தா, எல்லாரும் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள்" என்பாள்.

2024-ஆம் ஆண்டு கார்த்திகையில், அடைமழை ஓய்ந்த ஒரு நாளில், உறவினர் வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்திற்கு எடுத்துச் செல்ல எண்ணிப் பையை வெளியே எடுத்தாள். மறுநாள் காலையே எனக்கு ஆள் வந்தது. நான் சென்று பார்த்தபோது பை கூடத்துப் பாயின்மேல் கிடந்தது. உட்புறத் துணி வெல்லப்பாகு பூசியதுபோல் பிசுபிசுத்தது. கைப்பிடியின் ஓரங்களில் பூசியிருந்த வண்ணப்பூச்சு வெடித்து, உள்ளே வெறும் அட்டை போன்ற ஒன்று எட்டிப் பார்த்தது. நான்கு மூலைகளிலும் மேற்பரப்பு பாம்புச் சட்டைபோல் உரிந்தது. தங்கநிறக் கொக்கியில் பச்சைப் புள்ளிகள். "தம்பி, நான்தான் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளையிடம் சொல்லிவிடாதே" என்றாள் அக்காள். மகளின் மறைபொருள் ஒன்று, தாயின் மறைபொருள் ஒன்று. இரண்டையும் சுமந்துகொண்டு நான் காரைக்குடிப் பேருந்தில் ஏறினேன், மடியில் அந்தப் பையோடு.

காரைக்குடியில் செருப்பும் பையும் தைக்கும் பெரியவர் ஒருவரை நான் நெடுங்காலமாக அறிவேன். அவர் பையை முகர்ந்து பார்த்தார், உரிந்த இடத்தை நகத்தால் கீறினார், பிறகு சிரித்தார். "ஐயா, இது தோலுக்கு ரெக்சின் சட்டை போட்ட கதை" என்றார். அவர் விளக்கியது இதுதான். மாட்டுத்தோல் தடிப்பானது. அதை இயந்திரத்தில் இட்டு இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிளக்கிறார்கள். மயிர்க்கால்கள் உள்ள மேலடுக்கில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். உறுதி முழுவதும் அங்கேதான். அடியில் கிடைக்கும் பிளவுத்தோலில் நார்கள் தளர்ந்திருக்கும், பார்வைக்கும் நன்றாயிராது. எனவே அதன்மேல் பாலியூரிதேன் என்னும் செயற்கைப் பூச்சைப் படியவைத்து, தோலின் வரிகளைப்போல் அச்சு பதித்துவிடுகிறார்கள். அடியில் இருப்பது தோல்தான் ஆகையால் 'அசல் தோல்' என்று சொல்லி விற்பதற்கு வழியுண்டு. நாம் தொடுவதோ தோலை அன்று, பூச்சை.

அந்தப் பூச்சுக்கு ஈரம் பகை. பாலியூரிதேனில் ஒரு வகை, காற்றிலுள்ள நீராவியோடு சிறுகச் சிறுக வினைபுரிந்து தன் பிணைப்புகளை இழந்துவிடும். முதலில் பிசுபிசுக்கும், பின்னர் உதிரும். வெப்பம் மிகுந்தால் இது விரைவாக நடக்கும். உள்துணியின் பிசுபிசுப்புக்கும் இதுவே காரணம். குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் பல ஆண்டுகள் தாங்கும் பொருள், ஐப்பசி கார்த்திகைப் புழுக்கத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளுக்குள் கிடந்தால் என்னவாகும்? போதாக்குறைக்கு அந்துருண்டையின் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கவும் கூடும். ஆகவே அக்காளின் பாதுகாப்பு முறையிலும் குற்றம் இருந்தது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் நம் நாட்டிலும் வளைகுடா நாடுகளிலும் கடை விரித்து விற்பவர்களுக்கு, நம் நாட்டுக் காற்றின் இயல்பு தெரியாதா என்ன?

கொக்கியைப் பற்றி அறிந்துகொள்ள நாங்கள் வெளியூர் செல்ல வேண்டியிருக்கவில்லை. வள்ளல் அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உலோகம் ஏன் அரிக்கப்படுகிறது, ஓர் உலோகத்தின்மேல் மற்றோர் உலோகத்தை மின்சாரத்தால் எவ்வாறு முலாம் பூசுவது என்பவையே அதன் ஆய்வுப் பொருள்கள். அங்குப் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் அக்காள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். கொக்கியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அடியில் துத்தநாகக் கலவை, அதன்மேல் செம்பு, அதற்கும்மேல் பெயருக்குக் கொஞ்சம் தங்கம்" என்றார். இத்தகைய அணிகலப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானை எட்டுவதில்லையாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். கைவியர்வையின் உப்பு அவற்றின் வழியே இறங்கிச் செம்பைத் தொட்டதும் பச்சை பூக்கிறது. எங்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கிலும் பச்சை பூக்கும். புளி போட்டுத் துலக்கினால் போய்விடும். இதைப் புளி போட்டுத் துலக்கினால் தங்கமும் சேர்ந்து போய்விடும் என்று அவர் எச்சரித்தார்.

அன்றிரவு அக்காள் பரணிலிருந்து எங்கள் தந்தையாரின் தோற்பையை இறக்கச் சொன்னாள். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். திண்டுக்கல்லில் வாங்கிய பை அது. மிதிவண்டியின் பின்புறம் இருபது ஆண்டுகளுக்குமேல் வெயிலையும் மழையையும் கண்டது. ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கடுக்காயால் முடிவு செய்யும் பதனிடு முறை திண்டுக்கல், திருச்சி, வட ஆர்க்காட்டுப் பகுதிகளில் தழைத்திருந்தது. அவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டன் சந்தைக்குச் சென்றபோது, கிழக்கிந்தியத் தோல் என்ற பொருளில் 'ஈ.ஐ. தோல்' என்று பெயர் பெற்றது. இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலைப் புகுத்த முயன்றார். குரோம் உப்பில் ஓரிரு நாளில் பதமாகிவிடும் என்பதால் அந்த முறையே பின்னாளில் உலகெங்கும் வென்றது. அதனால் வந்த தொல்லை வேறு. பாலாற்றங்கரை மக்கள் நீதிமன்றப் படியேறி 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்ற வரலாற்றைத் தனியே எழுத வேண்டும்.

தந்தையாரின் பையிலும் பூஞ்சை படர்ந்திருந்தது. ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. அக்காள் துணியால் துடைத்து விளக்கெண்ணெய் தடவினாள். இரண்டு நாளில் தோல் பழைய நிறத்திற்குத் திரும்பியது. பூச்சு ஏறிய பிளவுத்தோலுக்கு இந்த மருந்து பலிக்காது. எண்ணெய் உள்ளே இறங்க வழியில்லை.

கிறிஸ்மசுக்கு மருமகள் வந்தாள். வந்த அன்றே, "அம்மா, நள்ளிரவுத் திருப்பலிக்கு அந்தப் பையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். அக்காள் அடுப்படிக்குள் போய்விட்டாள். சிறிது நேரம் கழித்துப் பையோடு வந்து மகளின் முன் வைத்து, "உன் ஐயாயிரத்தையும் பாழாக்கிவிட்டேன் ஆத்தா" என்றாள். மருமகள் உரிந்த மூலைகளைத் தடவிப் பார்த்தபடி நெடுநேரம் பேசவில்லை. பிறகுதான் அழுதாள். உண்மையான விலை அப்போது வெளிவந்தது. விலையைக் கேட்ட அக்காளோ அழவில்லை, சினந்தாள். "இத்தனை பணம் வாங்கிக்கொண்டு இப்படியா செய்து கொடுப்பான்? நம் ஊர்த் தச்சன் இப்படி ஒரு முக்காலி செய்து கொடுத்தால் மறுபடி தெருவில் தலைகாட்டுவானா?" ஐயாயிரம் ரூபாய் என்று எண்ணியிருந்தவரை தன்மேல் பழி போட்டுக்கொண்டவள், விலையை அறிந்த பிறகே விற்றவனை நினைத்தாள் என்பது எனக்கு வியப்பாயிருந்தது.

துபாய் திரும்பியதும் மருமகள் அந்நிறுவனத்திற்கு நிழற்படங்களோடு எழுதினாள். மூன்று வாரத்தில் பணிவு மிகுந்த பதில் வந்தது: பழுதுக்குக் காரணம் மிகுதியான ஈரப்பதமும் முறையற்ற பாதுகாப்பும், தயாரிப்புக் குறை அன்று, எங்கள் புதிய பைகளைப் பார்வையிட அன்புடன் அழைக்கிறோம். அக்காளுக்கு நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, "அப்படியானால் குற்றம் பையில் இல்லை, அமராவதிபுதூர்க் காற்றில் இருக்கிறதாமா?" என்று கேட்டாள்.

இப்பையை நம் நாட்டில் வாங்கியிருந்தால் வேறு வழி இருந்தது. 1986-ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. முறையீட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் செய்துவிட வேண்டும். இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? முதலில் அறிவுரை மட்டும் வேண்டுவோர் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

விலைக்கும் வேலைக்கும் உள்ள தொலைவைப் பற்றி அக்காள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. இத்தாலி நாட்டில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2024 ஜூன் மாதம் மிலான் நீதிமன்றம், புகழ்பெற்ற தியோர் நிறுவனத்தின் இத்தாலியத் தயாரிப்புக் கிளையை நீதிமன்ற மேற்பார்வையின்கீழ்க் கொண்டுவந்தது. அதன் துணை ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் தொழிலாளர் இரவு பகலாகச் சுரண்டப்பட்டதைக் கண்காணித்துத் தடுக்கத் தவறியது என்பதே காரணம். நிறுவனத்தின்மீதே குற்ற வழக்கு இல்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே மேற்பார்வை நீக்கவும்பட்டது. ஆயினும் அந்த விசாரணையில் வெளிவந்த கணக்கு ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு பையைச் செய்து தரும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகை 53 யூரோ. நம் பணத்தில் இரண்டே கால் இலட்சத்துக்கு மேற்பட்ட பொருளுக்கு, ஏறத்தாழ 4,700 ரூபாய். தோலின் விலை இதில் சேராது. கடை வாடகை, விளம்பரம், வரி எல்லாம் தனி என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தபோது, மருமகளின் இரவுப் பணிகளே என் நினைவுக்கு வந்தன.

விலையுயர்ந்த பைகள் யாவுமே இப்படித்தான் என்று சொல்லிவிடக் கூடாது. ஒரே நூலின் இரு முனைகளில் இரு ஊசிகளைக் கோத்துக் கையால் தைக்கும் சேணத் தையலை இன்றும் கைவிடாத பட்டறைகள் ஐரோப்பாவில் உண்டு. அத்தையலில் ஓரிடம் அறுந்தாலும் மற்றவை பிரியா. நம் பக்கத்துப் புதுச்சேரியில் 1978-இல் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம் தாவரப் பட்டையில் பதனிட்ட தோலைக் கொண்டே பெயர் பெற்றது. ஆங்கில நடிகை ஜேன் பிர்கினுக்காக எர்மெஸ் நிறுவனம் முதன்முதலில் செய்த பை, பல்லாண்டுகள் அவர் கையில் தேய்ந்து கறைபட்ட பிறகும், 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. அந்தப் பைத்தியத்தை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தேய்ந்தும் பை பையாகவே நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அக்காளின் கூடத்தில் ஒரு கொட்டானும் இருக்கிறது. அவள் திருமணத்தின்போது பழக்கமான ஆச்சி ஒருவர் பழம் வைத்துக் கொடுத்தது. பனங்குருத்து ஓலையை வெயிலில் உலர்த்தி, நாராய்க் கிழித்து, சாயமேற்றி, ஈரப்பதத்தோடு பின்னி, விளிம்பில் மணியும் நூல்வேலையும் சேர்த்துச் செய்யும் இக்கலை செட்டிநாட்டு இல்லங்களில் பெண்கள் ஓய்வுநேரத்தில் தாமே செய்ததாகும். மறையவிருந்த இதை, விசாலாட்சி இராமசாமி அவர்கள் நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை சுற்றுவட்டாரப் பெண்களுக்குக் கற்பித்து மீட்டது; செட்டிநாட்டுக் கொட்டானும் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும். அக்காளின் கொட்டானுக்கு விளிம்பு ஒருமுறை பிரிந்து, மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. பூச்சி அரித்த இடமும் உண்டு. மூடி இல்லை, பேருந்தில் கொண்டுபோக ஏற்றதன்று. எனவே மருமகள், "அம்மா, இனி உங்களுக்குக் கொட்டான்தான்" என்று தொலைபேசியில் நகைத்தபோது, "அதில் பணம் வைத்தால் கண்டக்டர்கூட எடுத்துக்கொள்வான்" என்று அக்காள் மறுத்துவிட்டாள்.

சென்ற ஆவணியில் நான் கைப்பையை மறுபடியும் காரைக்குடிப் பெரியவரிடம் கொண்டுசென்றேன். அவர் உரிந்த பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தார்; மூலைகளில் திண்டுக்கல் தோலை வைத்துக் கையால் தைத்தார்; கைப்பிடிகளைப் புதிதாக்கினார்; பிசுபிசுத்த உள்துணியைக் கிழித்தெறிந்துவிட்டுக் கெட்டிக் காடாத்துணி வைத்தார். பொற்கொக்கி இருந்த இடத்தில் பித்தளைக் கொக்கி வந்தது. நிறுவனத்தின் முத்திரை சுரண்டலோடு போய்விட்டது. தோலும் சேர்த்துக் கூலி 650 ரூபாய். அக்காள் எண்ணூறு கொடுத்தனுப்பியிருந்தாள். அவர் மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

இப்போது அந்தப் பை பீரோவில் இல்லை. வாசற்கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில் தொங்குகிறது. கண்ணாடிக் கூடு, குடும்ப அட்டை, மாத்திரைகள், பேருந்துக்குச் சில்லறை ஆகியவை அதனுள் இருக்கின்றன. போன வாரம் நான் போயிருந்தபோது ஒரு கட்டு முருங்கைக்கீரையும் தலைநீட்டிக்கொண்டிருந்தது.