மலையில் வீடு கட்டுமுன்: ஏழு பேர்ச் காணியும் மண்சரிவு அறிக்கையும்

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக்குக் கிளிநொச்சி தர்மபுரத்திலிருந்து பெரியப்பாவின் மகன் வந்திருந்தார். 1977 ஆகஸ்ட் வன்செயலில் பதுளையை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அது. 2009இல் அங்கு கட்டிய வீட்டையும் இழந்தார்கள். "அப்பா பிறந்த மண்ணுல எல்லாரும் வந்து தங்குற மாதிரி ஒரு வீடு கட்டணும் தம்பி" என்றார்.

பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அம்மாவுக்கு ஏழு பேர்ச் காணி காட்டியிருக்கிறார்கள். அன்றிரவே கொப்பித் தாளில் வரைபடம் கீறினோம். இரண்டு அறை, குசினி, ஊரே உட்காரக்கூடிய இஸ்தோப்பு. கடைசியாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டோம் என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. மலையகத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடு 550 சதுர அடிதான். கணக்குப்படி இடம் தாராளம். சரிவில் இந்தக் கணக்கு சரிவராது. பின்னால் மலையை வெட்ட வேண்டும், முன்னால் மண் நிரப்ப வேண்டும், கானுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடம் விட வேண்டும். நிரப்பிய மண்ணில் அத்திவாரம் போட்டால் சுவர் வெடிக்கும்.

இன்னொன்று, காட்டிய காணி உறுதியுள்ள காணி அல்ல. தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனது. ஆகவே காணியைக் குத்தகையிலிருந்து விடுவித்து, அளந்து, பெயருக்கு எழுத வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு கடிதம் மட்டும். அதற்கே அம்மா மூன்று நாள் பேர் விழாமல் அலைந்தார்.

ஆனால் எங்களை நிறுத்தியது கடிதமல்ல, மண். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். பார்க்க வந்த உத்தியோகத்தர், நாங்கள் ஆசைப்பட்ட சமதரையைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். செங்குத்தான மலையின் காலடியில் இருக்கும் சமதரை, பல இடங்களில் முன்பு எப்போதோ சரிந்து வந்து தங்கிய மண். அது தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். பெருமழையில் மறுபடியும் நகரும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் அங்கிருந்து வெளியேறச் சொல்லியிருந்தார்கள். "சொன்னபோதே போயிருக்கலாமே" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. எங்கே போவது? போக இடமில்லாமல் "வெளியேறுங்கள்" என்று கேட்டவர்களுக்கு, வன்னியில் இருந்தவர்களுக்கு, இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மழைக் கணக்கை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். மழைமானி இல்லாவிட்டாலும் மலை அடையாளம் காட்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் ஊற்று, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுவது. இதில் ஒன்றைக் கண்டாலும் சாமான் கட்ட நிற்கக் கூடாது.

தண்ணீருக்கு வழி விடுவதுதான் பாதி வேலை. தேயிலை மலையில் அந்தக் காலத்தில் வெட்டிய கான்கள் தூர்ந்து கிடந்தால், மழைநீர் நேரே மண்ணுக்குள் இறங்கும். அணைச்சுவர் கட்டினால் நீர் வடியத் துளை விட வேண்டும். துளையில்லாத சுவரைப் பின்னால் தேங்கும் தண்ணீரே தள்ளிவிடும். செலவு மிச்சம் என்று மேசன்மார் விடுவது பெரும்பாலும் இதைத்தான்.

நவம்பரில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் பல இடங்கள் சரிந்தன. எங்கள் சமதரைக்கு மேலே ஒரு முழ அகலத்தில் வெடிப்பு. அண்ணன் தர்மபுரத்திலிருந்து போன் எடுத்து, "வீட்டை விடு, அம்மா எங்க?" என்றுதான் கேட்டார். அம்மா அப்போது பாடசாலை முகாமில் இருந்தார்.

இப்போது மாற்றுக் காணி கேட்டு எழுதியிருக்கிறோம். இம்முறை அறிக்கை கையில் கிடைத்த பிறகுதான் கொப்பித் தாளை எடுப்பது என்று அண்ணனுடன் பேசி வைத்திருக்கிறேன். இஸ்தோப்பை மட்டும் குறைக்க மாட்டாராம்.