என்ஜின் ஓசையும் பழுதின் விலையும்

காரின் முன்பகுதியிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஓசை எழுந்ததும், 'என்ஜின் போய்விட்டதோ' என்னும் அச்சமே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. அந்த அச்சத்தோடு பணிமனைக்குள் நுழைபவர் பேச்சு தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிடுகிறார். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை எவ்வாறு சீர்குலையும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு பழைய கார்களின் சந்தை. பழுதுபார்ப்பில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. என்ஜினை இறக்கிச் சரிசெய்த பிறகும், இறக்கத்தான் வேண்டியிருந்ததா என்பது உரிமையாளருக்குத் தெரியாது.

எனவே முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓசை எதனோடு சேர்ந்து மாறுகிறது? காரை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தினால் ஓசையும் விரைவடைகிறதா? அப்படியானால் அது என்ஜினிலிருந்தோ, அதனோடு சுழலும் பாகங்களிலிருந்தோ வருகிறது. ஓடும்போது மட்டும் சக்கரத்தின் வேகத்துக்கேற்ப உறுமினால் டயரையும் சக்கர பேரிங்கையும் பார்க்க வேண்டும். அதற்கு என்ஜினைத் தொடவே தேவையில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்திச் சற்று நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் பெல்ட். தகரம் அதிர்வதுபோல் சடசடத்தால், புகைபோக்கிக் குழாயின் வெப்பத்தடுப்புத் தகடு தளர்ந்திருக்கலாம். ஒரு கிளாம்ப் போதும்.

குழப்பம் விளைவிப்பவை இரண்டு. என்ஜினின் மேற்பகுதியில் மெல்லிய 'டிக் டிக்' கேட்டால் அது டேப்பட் ஓசையாக இருக்கலாம். (சில புதிய பெட்ரோல் என்ஜின்களில் இன்ஜெக்டர்களே இப்படி ஒலிக்கும், அது பழுதன்று.) அடியிலிருந்து கனத்த 'தட் தட்' எழுந்து, சுமை ஏறும்போது வலுத்தால் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அது மெய்யாகவே பெருஞ்செலவு. இரண்டுக்கும் முதல் சோதனை ஒன்றே: சமதளத்தில் என்ஜினை அணைத்து, சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து ஆயில் அளவைப் பார்ப்பது. அளவு குறைந்திருப்பதே டேப்பட் ஓசைக்குக் காரணமாகலாம். ஆனால் ஆயில் ஊற்றியதும் ஓசை அடங்கிவிட்டது என்று இருந்துவிடலாகாது. அது எங்கே போயிற்று என்று தேட வேண்டும்.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். 'பணிமனை பக்கத்தில்தானே' என்று ஓட்டிச் செல்லும் சில நிமிடங்களில், இழுவை வண்டிக்கு மிச்சம்பிடித்த தொகையைப்போலப் பன்மடங்கு கைவிட்டுப் போகலாம்.

பணிமனையில் ஓசை ஒளிந்துகொள்வதும் உண்டு. ஆகவே கைப்பேசியில் அதைப் பதிவுசெய்து, குளிர்ந்த என்ஜினிலா, சூடேறிய பின்பா, மேட்டிலா என்று குறித்துச் செல்லுங்கள். பழுதைக் கண்டறிவதற்கு மட்டும் தனிக்கட்டணம் கொடுக்க முன்வாருங்கள். நம்மவர்க்கு இது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் கண்டறிதல் இலவசமாக இருக்குமிடத்தில், மெக்கானிக்கின் வருவாய் முழுவதும் பெரிய பழுதைச் சொல்வதில்தான் இருக்கிறது.